ஆடை கட்டிய உலை

கப்பலில், தெற்கு இந்தியப் பெருங்கடல்
6 டிசம்பர் 2024

அன்புள்ள எபி அண்ணாவுக்கு,

உன் தங்கை சுகிர்தா எழுதுவது. நான் இங்கே நல்ல சுகம். நீ, கிரேஸ் அண்ணி, அம்மா மூவரும் சுகமா? முழங்காலுக்கு வாங்கிக் கொடுத்த தைலத்தை அம்மா தேய்க்கிறார்களா, பீரோவில் பத்திரப்படுத்திவிட்டார்களா?

ஆஸ்திரேலியாவில் கப்பல் ஏறியதிலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இனி போனில் பேச முடியாது. செயற்கைக்கோள் இணைப்பு முழுவதும் ஆராய்ச்சிக்கே போய்விடுகிறது. எங்களுக்கு எழுத்து மட்டும்தான். படமும் குரலும் போகாது, வராது. பிப்ரவரி கடைசியில் கரை இறங்கும்வரை கடிதம்தான். நீ போனில் தட்டி அனுப்பினால் எனக்கு வந்து சேரும்.

கடலில் எதைத் தோண்டப் போகிறாய் என்று அண்ணி கேட்டார்கள். கிளம்பும் அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை. எங்களுக்குக் கீழே கெர்கெலன் பீடபூமி இருக்கிறது. தமிழ்நாட்டைப் போலப் பல மடங்கு பெரிய மேடு, கடலுக்குள் முழுகிக் கிடக்கிறது. பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை எழும்பி, மேலே வர வர அழுத்தம் குறைந்து உருகி, கடற்தரையைப் பிளந்துகொண்டு கொட்டியிருக்கிறது. ஒரு மலை வெடித்து அடங்கியது போல அல்ல. டைனோசர்கள் நடமாடிய காலத்தில் தொடங்கி, குழம்பின் மேல் குழம்பாக கோடிக்கணக்கான ஆண்டுகள் கொட்டியிருக்கிறது. அப்படித் தடித்த மேட்டைத்தான் துளைத்துக் கல்லை நீள நீள உருளைகளாக வெளியே எடுக்கிறோம்.

கடல் அமைதியாக இருக்கிறது. சாப்பாடு அருமை. கவலைப்பட ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் என் அன்பு. உடனே பதில் போடு.

சுகிர்தா


கும்மிடிப்பூண்டி
10 டிசம்பர் 2024

ஸ்தோத்திரம்.

அன்புத் தங்கை சுகிக்கு அண்ணன் எபினேசர் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே மூவரும் சுகம். தைலம் பீரோவில் இருக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாலு வரி தாண்டவில்லை. "இன்னாடா, ஸ்தோத்திரமே போடல? வாந்தி எடுத்துக்கினு கீறா. கடலு ஆடுது, அதான் மறைக்கிறா" என்றார்கள். அவர்கள் சட்டம் உனக்குத் தெரியாதா? ஸ்தோத்திரம் என்று துதித்துத் தொடங்கிய கடிதத்தில் பொய் எழுதக் கூடாது. ஹாஸ்டலில் இருந்தபோது சோறு நன்றாக இருக்கிறது என்று நீ எழுதிய கடிதம் ஒன்றிலாவது அந்த வார்த்தை இருந்ததா? மாட்டிக்கொண்டாய்.

இன்னொன்று. "கடற்தரை" என்று எழுதியிருக்கிறாய். ற்-க்குப் பக்கத்தில் த நிற்காது, டாக்டரம்மா. கடல்தரை என்று எழுது. பள்ளிக்கூடத்தில் தமிழில் நான் வாங்கிய மார்க்கை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

உன் பீடபூமியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் நாங்களும் இரும்பை உருக்கிக் குழம்புதான் காய்ச்சுகிறோம். நேற்று எங்கள் உலை ஆடை கட்டிக்கொண்டது. பாலில் ஆடை படிவதைப் போல, மேலே போட்ட பழைய இரும்பு ஒன்றோடொன்று ஒட்டி மூடியாகிவிடும். பார்த்தால் கறுப்பாக, ஆறிப்போன மாதிரி இருக்கும். அடியில் குழம்பு சூடேறிக்கொண்டே போகும், வெளியே தெரியாது. விட்டால், லைனிங் என்று நாங்கள் சொல்லும் உலையின் உள்பூச்சைத் தின்றுவிடும். உடனே உலையைச் சூடாக்கும் கரண்டை நிறுத்திவிட்டு உலை மேடையை விட்டு எல்லோரும் இறங்க வேண்டும். நிறுத்தினோம், இறங்கினோம், சரியாயிற்று. என்னோடு மேடையில் வேலை பார்ப்பவர் மங்கள் கிஸ்கு. ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச், இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். என்னைவிட வேகமாக இறங்கினார்.

எலுமிச்சம்பழம் வைத்துக்கொள், வாந்தி நிற்கும் என்று அம்மா சொல்லச் சொன்னார்கள். உனக்காக ஜெபிக்கிறோம்.

உன் அண்ணன்
எபினேசர்


கப்பலில்
15 டிசம்பர் 2024

ஸ்தோத்திரம்.

அன்புள்ள அண்ணாவுக்கு, ஒத்துக்கொள்கிறேன். கப்பல் தொட்டிலாக ஆடுகிறது. ஒரு வாரம் பிஸ்கட்டில்தான் உயிர் வாழ்ந்தேன். இப்போது நிஜமாகவே தேவலை, மேலே போட்டிருக்கிறேன் பார். நீங்கள் எல்லோரும் சுகம் என்பதில் சந்தோஷம்.

சாகிப்கஞ்ச் என்று படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ராஜ்மகால் மலை அங்கேதான் இருக்கிறது. அந்த மலையின் கருங்கல்லும் நாங்கள் துளைக்கும் கல்லும் ஒரே சூட்டில் பிறந்தவை என்றே எங்களில் பலர் நினைக்கிறோம். அப்போது இந்தியா இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. பிறகு அங்கே கொட்டிய கல்லையும் தூக்கிக்கொண்டு வடக்கே நகர்ந்துவிட்டது. மங்கள் அண்ணனிடம் சொல், அவர் ஊர் மலைக்குக் கூடப் பிறந்தது ஒன்று இங்கே தண்ணீருக்கு அடியில் கிடக்கிறதென்று.

ஆனால் நீ எழுதிய ஆடை விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. எரிமலைக் குழம்பும் இப்படித்தான். ஓடும்போதே மேற்புறம் ஆறி ஓடாகிவிடும். அந்த ஓட்டுக்குள் சூடு அடைபட்டு, உள்ளே மேலும் மேலும் குழம்பு ஏறி, ஓட்டையே தூக்கும். நின்றுவிட்டது என்று நினைக்கும்போது எங்கேயோ கிழித்துக்கொண்டு வரும். எங்கள் பீடபூமிக் குழம்பு கொட்டியபோது பக்கத்தில் மனிதர் யாரும் நிற்கவில்லை. நீ நிற்கிறாய். உள்பூச்சைத் தின்றுவிடும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அந்தப் பூச்சை எப்போது மாற்றினார்கள்? இதற்கு மட்டும் நேரான பதில் வேண்டும்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் முத்தம்.

சுகி


கும்மிடிப்பூண்டி
21 டிசம்பர் 2024

ஸ்தோத்திரம்.

அன்புத் தங்கைக்கு, நாங்கள் சுகம், நீ பிஸ்கட்டிலிருந்து சோற்றுக்கு வந்ததில் அம்மாவுக்கு நிம்மதி. வீட்டுக்கு நட்சத்திரம் கட்டியாயிற்று. இந்த வருடம் கிரேஸ் முறுக்கு சுட்டாள். கடிக்க உன் கல் உடைக்கும் கருவி தேவைப்படும்.

நேரான பதில் கேட்டாய். பூச்சை மாற்ற வேண்டிய நாள் தாண்டிவிட்டது. எங்கள் ஷிப்டு பொறுப்பாளர் வசந்தகுமாரிடம் சொன்னேன். "ஆர்டரு போவணும் எபி. கிறிஸ்மஸ் முடியட்டும், பாத்துக்கலாம். இன்னா இப்ப?" என்றார். உலையைச் சுற்றி ஓடும் தண்ணீர் முன்னைவிடச் சூடாக வெளியே வருகிறது, பூச்சு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அதையும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

மங்களிடம் உன் கல் கதையைச் சொன்னதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "எபி பாய், நம்ம பகாடு சமுந்தர் உள்ளே கீதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பகாடு என்றால் மலை, சமுந்தர் என்றால் கடல். ஊரில் அந்தக் கல்லை உடைத்து லாரியில் ஏற்றித்தான் அவர் அப்பா பிள்ளைகளை வளர்த்தாராம். தங்கச்சியிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கு, என் ஊர்க் கல்லோடு வைத்துப் பார்க்கிறேன் என்றார்.

அந்த மேடையை விட்டு இறங்கு என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய், எனக்குத் தெரியும். நான் இறங்கினால் அந்த இடத்தில் மங்களை நிறுத்துவார்கள். ஆடை கட்டப் போகிறது என்பதை முன்கூட்டியே பார்க்க அவர் கண் இன்னும் பழகவில்லை.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள். நீ இல்லாமல் சர்ச் பாட்டுக் குழுவில் ஆல்டோ குரலில் பாட ஆள் இல்லை.

எபினேசர்


கப்பலில்
29 டிசம்பர் 2024

ஸ்தோத்திரம்.

அன்புள்ள அண்ணாவுக்கு, நான் சுகம். எங்களுக்கும் கிறிஸ்மஸ் இருந்தது. சமையல்காரர் கேக்கை மலை வடிவில் செய்து உச்சியில் தீ வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உன் உலை ஞாபகம் வந்தது.

நேற்று எடுத்த உருளையில் இரண்டு குழம்புப் படிவுகளுக்கு நடுவே சிவப்பு மண் இருந்தது. கருகிய மரத்துண்டு ஒன்றும் கிடைத்தது. அண்ணா, இந்தக் கடல்தரை (பார், திருத்திவிட்டேன்) ஒரு காலத்தில் காற்றில் நின்ற நிலம். குழம்பு கொட்டி உயர்ந்து, கடலுக்கு வெளியே தலை நீட்டி, மேலே காடு வளர்ந்திருக்கிறது. அடுத்த குழம்பு வந்து அந்தக் காட்டை எரித்திருக்கிறது. கடைசியில் சூடு நின்றதும் ஆறி, கனத்து, மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட வேண்டும். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

எனக்கு ஒரே ஒரு பதில் போதும். உள்பூச்சை மாற்றும்வரை மேடையில் ஏற மாட்டேன் என்று எழுது. மங்கள் அண்ணனும் ஏறக் கூடாது. இரண்டு பேரும் லீவு போடுங்கள், காய்ச்சல் என்று சொல்லுங்கள். ஸ்தோத்திரம் என்று மேலே போட்டு, அதற்குக் கீழே எழுது. அப்போதுதான் நான் நம்புவேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

சுகி


கப்பலில்
9 ஜனவரி 2025

ஸ்தோத்திரம்.

அண்ணா, புத்தாண்டு வாழ்த்துகள். எல்லோரும் சுகமா? டிசம்பர் முப்பத்தொன்று ஆராதனைக்குப் போனீர்களா? புத்தாண்டுக்கு நீ எடுத்த வாக்குத்தத்த அட்டையில் என்ன வசனம் வந்தது? எனக்கும் ஒன்று எடுத்து வைத்தீர்களா?

என் கடிதம் கிடைத்ததா? அண்ணிக்கும் இரண்டு வரி அனுப்பினேன், பதில் இல்லை. இணைப்புக் கோளாறு என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் கடிதம் வருகிறது.

ஒரு வரி போடு. கோபம் என்றாலும் பரவாயில்லை, திட்டி எழுது.

சுகி


14 ஜனவரி 2025

சுகி நான் எபி நல்லா கீறேன் நீ எப்டி கீற ஊட்ல எல்லாரும் நல்லா கீறாங்க வேல ஜாஸ்தி அதான் லெட்டர் போட முடியல லைனிங் மாத்திட்டாங்க நீ பயப்படாத நான் இப்ப மேல ஏறுறதே இல்ல அந்த செவப்பு மண்ணு மேட்டரு சூப்பரு காடு இருந்துச்சின்னு அம்மாகிட்ட சொன்னேன் நம்பவே இல்ல பேஜார் பண்ணாம உன் வேலய பாரு இன்னா சரியா சிஸ்டர் ஆறாம் பெட்டுக்கு டிரஸ்ஸிங் மாத்தணும் கைய ஆட்டாதீங்க சார் வெச்சிடறேன் சுகி


கப்பலில்
15 ஜனவரி 2025

ஸ்தோத்திரம்.

அண்ணா,

குழம்பு கொட்டியதை எங்களில் யாரும் பார்த்ததில்லை. கல்லின் ஓரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறோம். தண்ணீருக்குள் கொட்டியிருந்தால் தலையணை தலையணையாக உருண்டு, ஓரம் கண்ணாடி போல் இருக்கும். காற்றில் கொட்டியிருந்தால் மேற்புறம் துருவேறிச் சிவந்திருக்கும். நேற்று உன் கடிதத்தின் ஓரங்களை அப்படித்தான் பார்த்தேன்.

ஸ்தோத்திரம் இல்லை. ஊர்ப் பெயர் இல்லை. ஒரு புள்ளி இல்லை. ஊட்ல, கீறேன் என்று நீ வாயால் சொல்வாய், ஒரு நாளும் எழுத மாட்டாய். கடற்தரைக்கு என்னைக் கண்டித்தவன் எழுதிய கடிதம் இல்லை அது. நீ பேசியிருக்கிறாய், போன் எழுதியிருக்கிறது. பக்கத்தில் யாரோ பேசியதையும் சேர்த்தே எழுதிவிட்டது. அனுப்பும் முன் படித்துப் பார்க்கவும் உன்னால் முடியவில்லை.

ஆறாம் பெட் யாருடையது? கையை ஆட்டாதீங்க என்று யாரிடம் சொன்னார்கள்?

இந்தக் கப்பல் எனக்காகத் திரும்பாது. என்னால் அங்கே எதுவும் செய்ய முடியாது, தெரியும். அதற்காக என்னிடம் மறைப்பீர்களா? நான் செத்தவள் மாதிரி இங்கே கல்லை அளந்துகொண்டிருக்க வேண்டுமா? எனக்குக் கோபம் தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை. அம்மா, அண்ணி, யாராவது ஒருவர் எழுதுங்கள். உன் கைக்கு என்ன ஆயிற்று?

சுகிர்தா


சென்னை
18 ஜனவரி 2025

ஸ்தோத்திரம்.

சுகி, நான் சொல்றேன், கிரேஸ் போனப் புடிச்சிக்கினு கீறா. புள்ளி, கமா எல்லாம் அவ வெக்கிறது. தப்பு இருந்தா அவளக் கேளு. அன்னிக்கி ஊரு பேரு போடாம உட்டது ஆஸ்பத்திரியில கீறதால. மெட்ராஸு ஆஸ்பத்திரி. ஆறாம் பெட்டு என்னுது.

கிறிஸ்மஸ் தாண்டி வந்த திங்கக்கெழம. மத்தியான ஷிப்டு. உன் லெட்டரு காலையிலயே வந்திச்சி, நாஷ்டா துன்னுக்கினே படிச்சேன். பதில் போட உக்காந்தேன். ஸ்தோத்திரம்னு அடிச்சேன். அதுக்கு மேல வரல. ஏற மாட்டேன்னு எழுதினா பொய்யி. ஏறுவேன்னு எழுதினா நீ அங்க தூங்க மாட்ட. அந்த ஒரு வார்த்தையோட போன பையில போட்டுக்கினு வேலைக்குப் போய்ட்டேன். இன்னும் அது போன்ல அப்படியே கீது.

உலை ஆடை கட்டிக்கிச்சி. நான் கரண்ட நிறுத்தக் கீழ ஓடினேன். வசந்தகுமாரு நிறுத்தாத, கம்பியால குத்துனா ஒடைஞ்சிடும்னாரு. நான் கேக்கல, நிறுத்திட்டேன். திரும்பிப் பாத்தா மங்கள் கையில கம்பியக் குடுத்து மேல ஏத்தி உட்டுட்டாரு. சத்தத்துக்குக் காதுல அடைப்பு வெச்சிக்கினு கீறாரு மங்கள், கத்துனா கேக்கல. மேல ஓடிப்போயி சட்டையப் புடிச்சி இழுத்துத் தள்ளுனேன். அப்பதான் ஆடை கிழிஞ்சி வந்திச்சி. மூஞ்சிய மூடிக்கக் கையத் தூக்குனேன். ரெண்டு கையிலயும் வாங்கிக்கினேன்.

மங்களுக்கு ஒரு கொப்புளம் கூட இல்ல. தெனம் ரயில் புடிச்சி வந்து சோறு ஊட்டுறாரு. ஒரு வார்த்த பேசறது இல்ல, ஊட்டிட்டுப் போய்டறாரு. வலது கையில ரெண்டு விரலு எடுத்தாச்சி. இடது தேறும்ங்கறாரு டாக்டரு.

கம்பெனியிலேருந்து பேப்பரு எழுதிக்கினு வந்தாங்க. யாரும் சொல்லாம நானா மேல ஏறினேன்னு. கையெழுத்து முடியாதுன்னா ரேகை வெய்யின்னாங்க. கட்டோட கையத் தூக்கிக் காட்டுனேன். எந்த வெரலு வோணும், பாத்து எடுத்துக்கோன்னேன். எழுந்து போய்ட்டாங்க. லைனிங் மாத்திட்டாங்கன்னு உனக்குச் சொன்னதும் பொய்யி.

அந்த லெட்டரு சொல்லச்சொல்ல அம்மா பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தாங்க. "சொல்றதெல்லாம் பொய்யி, ஸ்தோத்திரத்த இழுக்காத"ன்னாங்க. அதான் போடல.

எனக்குப் பயமா கீது சுகி. இத யாருகிட்டயும் சொல்லல. இப்ப கிரேஸ் கேட்டுக்கினு அழுவுறா. நீ அழாத.

எபி


கப்பலில்
20 ஜனவரி 2025

ஸ்தோத்திரம்.

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

அழுதேன். கல் அறுக்கும் அறையில் இயந்திரச் சத்தம் அதிகம், யாருக்கும் கேட்கவில்லை. இப்போது பரவாயில்லை என்று எழுத முடியாது, எழுதவில்லை.

தொழிற்சாலை ஆய்வாளர் விசாரிக்க வருவார். அவரிடம் நடந்ததை நடந்தபடி சொல். வேலை போனால் போகட்டும். அவர்கள் எழுதிய பேப்பருக்கு உன் தலையை மட்டும் ஆட்டிவிடாதே.

நேற்று தூரத்தில் ஒரு தீவைப் பார்த்தோம். பனி மூடிய மலை, உச்சியில் புகை. இவ்வளவு பெரிய பீடபூமி முழுகிப் போன பிறகும் ஒரு மூலையில் மட்டும் எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் உன்னை நினைத்துக்கொண்டு குளிரில் நின்றேன்.

மங்கள் அண்ணனுக்கு ஒரு கல் துண்டு கேட்டு வாங்கியிருக்கிறேன். அறுத்தபோது உதிர்ந்தது, யாருக்கும் வேண்டாதது. சிவப்பு மண்ணுக்குக் கீழே இருந்த கருங்கல். அவரைப் பேசச் சொல் அண்ணா. பேசாமல் இருப்பதும் ஆடை கட்டுவதுதான்.

நீ எழுத வேண்டாம், சொல்லு, போன் எழுதட்டும். ஒற்றுப் பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் தெரிய வேண்டும். வலி எப்படி இருக்கிறது? ஸ்தோத்திரம் போட்டுச் சொல்.

உன் சுகி


கும்மிடிப்பூண்டி
21 பிப்ரவரி 2025

ஸ்தோத்திரம்.

அன்புத் தங்கை சுகிக்கு அண்ணன் எபினேசர் எழுதுவது. எழுதுவதுதான், சொல்வது அல்ல. இடது கைக் கட்டைவிரலைக் கட்டுக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அம்மா சுகம், கிரேஸ் சுகம். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆய்வாளர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். கம்பியைக் கையில் கொடுத்து ஏற்றிவிட்டது யார் என்று மங்களும் சொன்னார். அதைச் சொன்ன பிறகுதான் அவர் என்னிடமே பேசத் தொடங்கினார். இப்போது வாயை மூடுவதில்லை. உலையை நிறுத்தி உள்பூச்சை இடித்தார்களாம். பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தது என்றார் மங்கள். எங்கள் இருவருக்கும் வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

டிசம்பரில் அடித்து நிறுத்திய அந்த ஒரு வார்த்தையை அழிக்கவில்லை. இந்தக் கடிதத்தை அதிலிருந்துதான் தொடர்ந்திருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு இங்கே பதில் எழுத வழியில்லை. ஆகவே கீழே ஒரு கோடு போடுகிறேன். கோட்டுக்கு மேலே இருப்பது மட்டும்தான் ஸ்தோத்திரத்தில் சேர்ந்தது. அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

பத்திரமாக வந்து சேர்.

உன் அண்ணன்
எபினேசர்

———

வலி சுத்தமாக இல்லை.